பதிமூன்றாம் வெட்டு

பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. சவரிமுத்து மறுபடியும் முதலிலிருந்து வந்தான். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. முட்டியை வெட்டு வெட்டாகக் காட்டுகிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கடுகளவு எழுத்தில் நம்பர் இருக்கும். அதன் அடியில் கட்டைவிரல் நகத்தை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தால் பன்னிரண்டு தாண்டியதும் நகம் நேராகப் பதினான்கில் போய் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எம்.ஆர்.ஐ. மெஷின் தன் பாட்டுக்கு டமடமவென்று இடித்துக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குள் இடுப்பு வரை போய், தலையும் கையும் வெளியே தெரிய, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருந்தாள் நாகஜோதி, இருபத்தொரு வயது, கபடி ஆடுகிற பெண், வலது முட்டி. இன்னும் பதினோரு நிமிடம் என்றது திரை. மணி ஆறே கால். ஏழு மணிக்குப் பகல் ஷிப்டு ஆள் வந்துவிடுவான். சவரிமுத்து கைலியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏழு அஞ்சு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். பிடித்திருக்கலாம். பழைய பதிவு நம்பரைப் பார்த்துக் குறிக்கலாமென்று இந்தப் பெண் கொண்டுவந்த பழைய ஃபிலிம் கவரைக் கையில் எடுக்காமல் இருந்திருக்கலாம். கவரின் மேல் நீல மையில் ‘நாகஜோதி, வலது முட்டி’ என்று எழுதியிருந்தது அவன் கையெழுத்துதான். எட்டு மாதத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு விடிகாலையில், இதே முட்டியை அவன்தான் எடுத்திருக்கிறான். அவளை மறந்துவிட்டான். முட்டிதான் ஞாபகம் இருந்தது, ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் முட்டி முட்டியாக ஞாபகம் வந்தது.

முதலில் கோபம் வந்தது ரிப்போர்ட் டாக்டர் மேல்தான். கவருக்குள் மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டில் முன்பக்கத்து ஜவ்வு இயல்பாக உள்ளது, பின்பக்கத்து ஜவ்வு இயல்பாக உள்ளது, எல்லாமே இயல்பாக உள்ளது என்று வரிசையாக அடித்திருந்தது. அடித்திருந்தது என்ன, அடிக்கவே இல்லை, அது ஏற்கெனவே அடித்து வைத்திருக்கிற காகிதம், பெயரையும் வயதையும் மாற்றினால் போதும், ஒரு தடவை எழுபத்திரண்டு வயசுக் கிழவருக்குக் கர்ப்பப்பை இயல்பாக உள்ளது என்று வந்திருக்கிறது. கோயமுத்தூரில் ஏதோ அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு பல் விளக்கியபடியே பார்க்கிற ஆள். முழுப் படங்களையும் லைனில் அனுப்பினால் இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறதாம், அதனால் “ஃபிலிமை லைட்டுல மாட்டி செல்போன்ல ஒரு போட்டோ புடிச்சு அனுப்பிருங்க சவரி, போதும்” என்பார். போதும். நூற்றி நாற்பது படத்தில் இருபது படம், அதையும் செல்போனில், அதையும் பெருவிரலால் இழுத்து இழுத்து. ஒருத்தியுடைய கால், அதை வைத்துத்தான் அவள் ஓடுகிறாள் குதிக்கிறாள் பாடி வருகிறாள் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள், அது இந்த ஆளுக்கு ஒரு வாட்ஸப் படம், குட்மார்னிங் பூவுக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவில். அப்புறம் மேனேஜர் கோபிநாத். திரைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறானே, ‘முட்டி — 15 நிமிடம்’ என்று கொட்டை எழுத்தில், ஹோட்டலில் இட்லி வேகிற நேரம் எழுதி வைத்த மாதிரி. சாய்வு வெட்டு எடுக்கக் கூடாது, நாலு நிமிடம் கூட ஆகிறது, அடுத்த ஆள் காத்திருக்கிறான். அடேய், அந்த ஜவ்வே சாய்வாகத்தானே போகிறது. தொடையெலும்பின் பின்னாலிருந்து காலெலும்பின் முன்னால் வரை சாய்ந்து இறங்குகிற ஒன்றை நேராக வெட்டிப் பார்த்தால் பாதி ஜவ்வும் பாதிக் கொழுப்பும் கலந்துதான் விழும். முழுசாக அறுந்திருந்தால் குருடனுக்கும் தெரியும். பாதி அறுந்ததுதான் ஒளிந்துகொள்ளும். அது சாய்கிற பக்கம் நாமும் சாய்ந்து வெட்டினால்தான் அதன் இரண்டு பிரியும் தனித்தனியாகத் தெரியும், கயிறு மாதிரி, எந்தப் பிரி நிற்கிறது எந்தப் பிரி போயிற்று என்று.

இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ள வந்தவன் அவன். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் எக்ஸ்ரே கடையின் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே ஃபிலிம் கழுவினான். விரலெல்லாம் காடி நாற்றம், சோறு பிசைந்தால் சோற்றிலும் அதுவே. பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்து கிடந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை எடைக்கு வாங்கி, டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, ஜெனரேட்டர் ரூமில் உட்கார்ந்து ஒரு மழைக்காலம் முழுக்க முட்டி என்கிற ஒரே பாடத்தைப் படித்தான். ஜவ்வு கறுப்பாக இருக்க வேண்டும். நீர் வெள்ளையாகத் தெரியும். கறுப்புக்குள் சாம்பல் ஊறியிருந்தால், ஜவ்வு தடித்து உப்பி ஓரம் கலங்கியிருந்தால், ஆனாலும் சில இழை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அதுதான் பாதிக் கிழிசல். எலும்பு டாக்டர்களே தாண்டிப் போய்விடுகிற இடத்தில் அவன் நிற்பான். சர்ட்டிபிகேட் இல்லாததால் எந்த ஃபிலிமிலும் அவன் பெயர் கிடையாது, எடுத்தவர் என்கிற இடத்தில் பகல் ஷிப்டுக்காரன் பெயர்தான் வரும், ராத்திரி பத்து மணிக்கு எடுத்தாலும் அவன் பெயர்தான். அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்து மாதிரி ஒன்று சவரிமுத்து வைத்திருந்தான். ஃபிலிமை அழகாகப் போடுவான். இருபது கட்டத்தில் எது எங்கே வரவேண்டுமென்று அவன்தான் பொறுக்குவான், வெளிச்சம் கூட்டிக் குறைத்து ஒரே சீராக்குவான், கல்யாண ஆல்பம் மாதிரி. ‘உங்க சென்டர் ஃபிலிம் மட்டும் பளிச்சுனு இருக்குய்யா’ என்று எலும்பு டாக்டர் ஒருவர் சொன்னதைக் கோபிநாத் அவனிடம் சொன்னபோது, போய் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினான், கொஞ்சம் வெளியே சிந்தியது. ஜவ்வு தெரிகிற நடு முட்டியில் மட்டும் ஒன்பதிலிருந்து பதினேழு வரை ஒன்றையும் விடாமல் வரிசையாகப் போடுவது அவன் வழக்கம். அது அவனே அவனுக்குப் போட்டுக்கொண்ட சட்டம். பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு.

கோயமுத்தூர்க்காரர் இருபது படம்தான் பார்த்தார். அந்த இருபதையும் கொடுத்தது யார்.

மெஷின் இடியை நிறுத்தியது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் வருகிற அந்த அமைதியில் குளிர்விக்கிற பம்பு மட்டும் உள்ளே குருவி மாதிரி கிச்கிச்சென்றது. மைக்கின் பொத்தானை அழுத்தி, “நாகஜோதி, சரியா இருக்கியாம்மா, காலை மட்டும் ஆட்டிராத” என்றான்.

“அண்ணே, மூக்கு அரிக்குதுண்ணே.”

“கைதான வெளிய இருக்கு. சொறிஞ்சுக்க.”

“சொறியலாமா? போன தடவ மூச்சக்கூட மெதுவா விடச் சொன்னீங்க. பயந்துட்டு அப்படியே கெடந்தேன், செத்தவ மாதிரி.” சிரித்தாள். மைக்கில் அந்தச் சிரிப்பு தகரத்தில் கல் உருண்ட மாதிரி வந்தது. “நீங்கதானண்ணே அன்னிக்கும்? குரல வச்சுக் கண்டுபுடிச்சுட்டேன். ஒண்ணும் இல்லம்மா, பளிச்சுனு இருக்குனு சொன்னீங்களே. ரிப்போர்ட்டு வர்றதுக்கு முன்னாடியே நிம்மதியாயிருச்சு. அந்த வாரமே கோயமுத்தூருல போய் ஆடுனேன்.”

அடுத்த வெட்டைத் தட்டிவிட்டான். இடி மறுபடி தொடங்கியது. மைக்கிலிருந்து விரலை எடுக்க மறந்து, எடுத்தான். அப்படியே கெடந்தேன், செத்தவ மாதிரி. எக்ஸ்ரே கடையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அவன் வாயில் பழகிப்போன ஒரே பதில் ‘டாக்டர் சொல்வாங்கம்மா’தான். பெற்ற தாய் கேட்டாலும் அதுதான். பெரிய அதிகாரி வந்து கேட்டாலும் அதுதான். அன்றைக்கு ஏன் வாயைத் திறந்தான். பளிச்சென்று இருக்கிறது என்றது எதை, முட்டியையா, ஃபிலிமையா. அவனுடைய ஃபிலிம் பளிச்சென்று இருந்ததை அந்தப் பெண்ணிடம் பெருமையடித்திருக்கிறான், அவள் அதைத் தன் கால் என்று எடுத்துக்கொண்டு போய் ஆடியிருக்கிறாள். தூ. பழைய படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டான். ஒரு வருஷம் வரைக்கும் எல்லாம் உள்ளேதான் இருக்கும், யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். நாகஜோதி, நெடுக்கு வெட்டு, இருபத்திரண்டு படம். மவுஸின் உருளையைச் சுழற்றினான். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று வந்தது. வந்து நின்றது. ஜவ்வின் நடுவில், மேல் பக்கம் எலும்பில் ஒட்டுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, விரல் ஈரம் பட்ட கரிக்கோடு மாதிரி சாம்பல் கலங்கியிருந்தது. அதற்குக் கீழே நாலைந்து இழை கறுப்பாக, விறைப்பாக, போய்ச் சேர்ந்துதான் இருந்தன. பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரி ஒரு பாதிக் கிழிசல். அந்த மழைக்காலத்துப் புஸ்தகத்தில் இதே படத்தைத்தான் அம்புக்குறி போட்டு வைத்திருந்தார்கள்.

அசைந்துவிட்டாள் என்று நினைத்தேன், என்று மனசு ஓடிவந்து முன்னால் நின்றது. அசைவுக் கலக்கம், அதனால்தான் விட்டேன், பார்க்க அசிங்கமாக இருந்தது, வரிசையைக் கெடுத்தது. பொய். அசைந்தால் ஒரு வெட்டு மட்டும் கலங்காது, கூடவே எடுத்த எல்லா வெட்டும் பேய்ப்படம் மாதிரி இரட்டை இரட்டையாகக் கலங்கும். புதுசாக வந்த பையன்களுக்கு அவன்தான் இதைச் சொல்லித் தருவான். அவளே சொல்கிறாள், செத்தவ மாதிரி கிடந்தேனென்று. அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு மணி ஆறே முக்கால், கண்ணில் மணல் கொட்டினாற்போல எரிகிறது, சந்தேகம் என்று சொன்னால் சாய்வு வெட்டு எடுக்க வேண்டும், கோபிநாத்தை எழுப்ப வேண்டும், டாக்டரோடு மல்லுக்கு நிற்க வேண்டும், ‘சவரி, நீங்க படம் மட்டும் எடுங்க’ என்று அந்த ஆள் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது, அந்தச் சொல்லை மூன்றாவது தடவை காதில் வாங்க வேண்டும். இதெல்லாம் ஒரு கண்சிமிட்டுகிற நேரத்தில் உள்ளே ஓடி, கை தானாகப் பதிமூன்றைத் தாண்டிப் பதினான்கை எடுத்துக் கட்டத்தில் போட்டது. அவ்வளவுதான். யாரும் சொல்லவில்லை. யாரும் மிரட்டவில்லை. சட்டம் போட்டவனே தாண்டிப் போனான். அவன் மனைவி ஸ்டெல்லா ஒரு தடவை கேட்டாள். மகளுடைய ஞானஸ்நானத்துக்கு எடுத்த போட்டோவையெல்லாம் பொறுக்கி அவன்தான் ஆல்பம் போட்டான். ஸ்டெல்லாவின் அப்பா குடித்துவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்திருந்த படம், அவளும் அவனும் எதற்கோ சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற படம், எதுவும் அதில் இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டு, “மிச்சப் படமெல்லாம் எங்க?” என்றாள். நல்லா இல்ல, அதான் போடல என்றான். அவள் ஆல்பத்தை மூடிவைத்தாள். நீங்க வீட்ல இருக்கப்ப தூங்குறீங்க, முழிச்சிருக்கப்ப வீட்ல இல்ல என்று சொல்லிவிட்டு அவள் வத்தலக்குண்டில் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த ஆல்பம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதைப் பார்க்கிற யாருக்கும் இந்த வீட்டில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியாது.

திரையில் வழக்கமான வெட்டுகள் முடிந்து, பதினைந்து நிமிடம் ஆயிற்று என்று கட்டம் பச்சையாகியது. சவரிமுத்து கொட்டை எழுத்துக் காகிதத்தைப் பார்த்தான். அதைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. கிழிக்கவில்லை, அதில் என்ன இருக்கிறது, காகிதம். இன்றைய படத்தில் ஜவ்வின் சாய்வைப் பார்த்து, அதன் மேலேயே கோட்டை வைத்து, கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தான். மைக்கில், “இன்னும் நாலு நிமிஷம்மா. இதுதான் முக்கியமானது. செத்தவ மாதிரி கெட” என்றான், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். “சரிண்ணே” என்றாள். இடி மாறியது, இப்போது நிதானமாக, ஆணி அடிக்கிற மாதிரி. கதவைத் தள்ளிக்கொண்டு டீ வாசனையோடு பரமன் மாஸ்டர் வந்தார். அவளுடைய கோச். இரண்டு முட்டியும் தேய்ந்து காலை அகட்டி அகட்டித்தான் நடப்பார், கழுத்தில் இன்னும் விசில் தொங்கும்.

“என்ன சவரி, பதினஞ்சு நிமிஷம்னு எழுதிப் போட்டுட்டு அரை மணி நேரமா இடிக்கிற? கால எடுக்குறியா, ஆளையே எடுக்குறியா?”

“முடிஞ்சிரும் மாஸ்டர்.”

“ஒண்ணும் இருக்காதுய்யா. மனப்பிராந்தி. வர்ற வியாழக்கெழம செலக்‌ஷன், போலீஸ் வேல, நின்னு ஆடுனா கையில ஆர்டரு. இந்த நேரத்துல கால் வழுக்குற மாதிரி இருக்கு, நழுவுற மாதிரி இருக்குங்குறா. போன தடவையே சுத்தமா இருக்குனு உங்க பேப்பர்தான சொல்லுச்சு. சும்மா அவ மனசுக்குத்தான் இன்னொரு தடவ. நீயும் ஒரு வார்த்த சொல்லிரு, பளிச்சுனு இருக்குனு. எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு, நான் ஆடலயா?”

ஆடினீங்க மாஸ்டர், இப்ப கக்கூஸ்ல உட்கார முடியுமா என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. வந்த கோபத்தை இவர் மேல் இறக்கி வைத்துவிடலாம், லேசாகிவிடும், இவரும் அதற்குத் தோதான ஆள்தான். ரிப்போர்ட் டாக்டர் மேல் இறக்கலாம், கோபிநாத் மேல் இறக்கலாம், நாலு பேரும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டால் அவன் பங்குக்கு ஒரு பிடிதான் வரும். நழுவுற மாதிரி இருக்குங்குறா. நழுவும். ஒரு பிரி போன கயிற்றில் கிணற்று வாளி நழுவுகிற மாதிரிதான் நழுவும். திரையில் சாய்வு வெட்டு ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கியது. மாஸ்டர் பேசிக்கொண்டே இருந்தார், எதுவும் காதில் விழவில்லை. மூன்றாவது. நாலாவது. ஐந்தாவதில் இரண்டு பிரியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்று கறுப்பு, இறுக்கம், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். இன்னொன்று வெளுத்து, வளைந்து, தொங்கி, பாதி வழியில் எங்கேயோ முடிந்துபோயிருந்தது. இருக்கிறது. ஒன்று இன்னும் இருக்கிறது. எட்டு மாதம் அத்தனை ஆட்டம் ஆடியும், அத்தனை பேர் காலைப் பிடித்து இழுத்தும், அந்த ஒற்றைப் பிரி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. வியாழக்கிழமை வரை நிற்கும். வியாழக்கிழமை ஒருத்தி கணுக்காலைப் பிடிப்பாள், இவள் திரும்புவாள், அப்போது நிற்காது. அவனுக்கு மூச்சு ஏறி இறங்கியது. சந்தோஷமா இது. இல்லை. திருடனுக்குத் திருடின பொருளில் பாதி இன்னும் செலவாகாமல் இருப்பது தெரிந்தால் வருமே, அந்த மாதிரி ஒன்று.

இடி நின்றது. உள்ளே போய் மேஜையை வெளியே இழுத்து, முட்டியைப் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து விடுவித்தான். நாகஜோதி பஞ்சை எடுத்தபடி உட்கார்ந்தாள். கழற்றி வைத்திருந்த கொலுசையும் ஊக்கையும் தாயத்தையும் கிண்ணத்தோடு நீட்டினான். அவள் கொலுசைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “இப்பவும் பளிச்சுனு இருக்காண்ணே?” என்றாள்.

“இல்ல.”

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறுவதற்கு நேரம் கொடுக்காமல் அவன் வெளியே வந்துவிட்டான். கம்ப்யூட்டரில் ஃபிலிம் கட்டத்தைத் திறந்தான். இருபது கட்டம் விரிந்தது. அதை ஒன்று என்று மாற்றினான். இவ்வளவு பெரிய தாளுக்கு ஒரே படமா என்று கேட்கிற மாதிரி மெஷின் ஒருமுறை உறுதி கேட்டது, ஆமென்றான். சாய்வு வெட்டு, ஐந்தாவது. அச்சு இயந்திரம் முனகிக்கொண்டே ஒரு தாளைத் துப்பியது, வெதுவெதுப்பாக. மறுபடியும் ஒரு கட்டம். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி, நெடுக்கு வெட்டு, பதிமூன்று. அதுவும் வந்தது. விளக்குப் பெட்டியில் இரண்டையும் மாட்டி, பக்கம் குறிக்கிற வெள்ளை மார்க்கரை எடுத்தான். புதுசில் ‘ஒரு பிரி அறுந்திருக்கிறது, ஒரு பிரி நிற்கிறது, ஆடக் கூடாது’ என்று எழுதினான். பழசில் ‘இது அன்றைக்கே இருந்தது, ஃபிலிமில் போடாமல் விட்டது நான்’ என்று எழுதி, அதன் கீழே முழுப் பெயரையும் எழுதினான். எந்த ஃபிலிமிலும் இது வரைக்கும் ஏறாத பெயர். எழுத்து கோணலாக விழுந்தது.

“யோவ், நீ என்ன டாக்டரா?” மாஸ்டர் எட்டிப் பார்த்துக் கொதித்தார். “எதுல போய் எழுதுற? ஒன்பது மணிக்கு எலும்பு டாக்டரு இத பார்த்தா வியாழக்கெழம போச்சுய்யா. உன் வேலையும் போச்சு. தெரியுதா?”

“டாக்டர் இல்ல மாஸ்டர். படத்த எடுத்தவன்.”

நாகஜோதி காலைச் சாய்த்து வைத்து வந்து நின்றாள். தான் கொண்டுவந்த பழைய ஃபிலிமை இடது கையிலும் பதிமூன்றை வலது கையிலும் எடுத்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வெயில் வந்துவிட்டிருந்தது. இருபது சின்ன முட்டிகளும் ஒரு பெரிய முட்டியும் அவள் முகத்தில் நிழலாக விழுந்தன. உதடு அசைய வாசித்தாள். பிறகு இடது கையில் இருந்ததைக் கிட்டத்தில் கொண்டுவந்து, நம்பர் நம்பராகப் பார்த்துக்கொண்டே போனாள். பன்னிரண்டில் நின்றாள். அவனுக்கு எந்த நம்பரில் நிற்பாள் என்று தெரியும்.

“மாஸ்டர், கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள், அவரைப் பார்க்காமல். சவரிமுத்துவைத்தான் பார்த்தாள். அண்ணே என்கிற சொல் இந்தத் தடவை வரவில்லை.

“இது அன்னிக்கு எங்க இருந்துச்சு?”

“என்கிட்ட” என்றான்.